நாளுக்குப் பத்துப் பாடல்

எங்கள் வீட்டில் இருந்த புத்தகங்கள் மொத்தம் ஐந்து. சின்னக் குறிப்பிடம், செபப் புத்தகம், அர்ச்சியசிஷ்டவர்கள் சரித்திரம், கிறிஸ்துநாதர் அநுசாரம், வியாகுலப் பிரசங்கம். ஐந்தும் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன. அப்பா உபதேசியார். ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் கொள்ளிடக் கரைச் சிற்றூர் எங்களுடையது. சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வந்து பூசை வைப்பார். மற்ற நாளில் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடப்பவர் தலைமாட்டில் செபம் சொல்வது, பெரிய வெள்ளியன்று வியாகுலப் பிரசங்கம் வாசிப்பது எல்லாம் அப்பாவின் பொறுப்பு. பெட்டிச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கும்.

1974 மே மாதம். எனக்கு 13 வயது. பக்கத்து ஊர் நூலகத்திலிருந்து ‘ஏழை படும் பாடு’ எடுத்துவந்து பாய்க்கடியில் ஒளித்துவைத்திருந்தேன். விக்டர் ஹியூகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்தது. காலையில் அப்பாயி பாயைச் சுருட்டும்போது அகப்பட்டுவிட்டது.

“என்னடா இது?”

“கதைப்பா.”

“கதை படிச்சவன் எவன்டா உருப்பட்டான்? ஆத்துமத்துக்கு அதால என்ன பிரயோசனம்?”

அப்பா அடிக்கவில்லை. அன்றைக்கே சைக்கிளில் போய் அவரே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். நாவலில் மேற்றிராணியார் வீட்டு வெள்ளிச் சாமான்களைத் திருடியவனைப் பிடித்துவருகிறார்கள். அவரோ, விளக்குத்தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்து அவனை அனுப்பிவைக்கிறார். அந்த இடத்தில்தான் நான் நிறுத்தியிருந்தேன். அந்தத் திருடன் பிறகு என்ன ஆனான் என்று தெரிந்துகொள்ளக் கல்லூரிக்குப் போகும்வரை காத்திருந்தேன்.

அப்பா போய் முப்பது ஆண்டுகள் ஆகின்றன. நான் தமிழாசிரியனாக வேலை பார்த்து 2021இல் ஓய்வு பெற்றுத் திருச்சியில் இருக்கிறேன். வாசித்ததைக் குறித்துவைக்க ஒரு நோட்டு உண்டு. 2025ஆம் ஆண்டுக்கான பக்கத்தில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் இலக்கியம், வலப்பக்கம் விசுவாசம் என்று தலைப்பு எழுதித்தான் ஜனவரியில் தொடங்கினேன். இப்போது அதில் 23 புத்தகங்களின் பெயர்கள் இருக்கின்றன. ஜூன் மாதத்துக்குப் பிறகு எதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை. கோட்டுக்கு மேலேயே எழுதியிருக்கிறேன்.

முதலில் எழுதிய பெயர் ‘தேம்பாவணி’. 1726இல் வீரமாமுனிவர் இயற்றியது. 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். நாளுக்குப் பத்து வீதம் வாசித்தால் 361 நாளில் ஐந்து பாடல் மிஞ்சும்; ஓராண்டுக்குள் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஓய்வுக்கு முந்தைய ஆண்டுகளில் பத்தாம் வகுப்புப் பாடத்தில் தேம்பாவணி இருந்தது. கருணையன் தன் தாய் எலிசபெத்தை அடக்கம் செய்துவிட்டுக் கானகத்தில் தனியே நின்று கலங்கும் இடம். உருகி உருகி நடத்தியிருக்கிறேன். முன்னே என்ன, பின்னே என்ன என்று புரட்டிப் பார்த்ததில்லை. தமிழாசிரியன், கத்தோலிக்கன், ஏலாக்குறிச்சிப் பக்கத்து ஆள். வீரமாமுனிவர் கட்டிய அடைக்கல மாதா கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவன். எனக்கே இந்தக் காப்பியத்தில் பாடநூலில் வந்த பாடல்கள் மட்டும்தான் தெரியும்.

இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680இல் பிறந்தவர் அவர். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. முப்பது வயதுக்கு மேல் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டு, தன் பெயருக்குரிய புனிதரான சூசையப்பரையே காப்பியத் தலைவன் ஆக்கினார். நற்செய்தி நூல்கள் நான்கிலும் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூடக் கிடையாது. கனவு காண்கிறார், எழுந்து போகிறார், அவ்வளவுதான். அந்தப் பேசாத தச்சனுக்கு 3615 பாடல். திருச்சபை முழுமைக்கும் அவரைப் பாதுகாவலராக ஒன்பதாம் பத்திநாதர் அறிவித்தது 1870இல்தான். அதற்கு 144 ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் அவர் காப்பிய நாயகன் ஆகிவிட்டார்.

முதல் மாதம் தட்டுத்தடுமாறித்தான் போனது. உரை இல்லாமல் ஓடாது. உரையிலும் பிடிபடாத சொல்லுக்கு அவருடைய ‘சதுரகராதி’யையே எடுத்துப் பார்த்தேன். 1732இல் அவரே தொகுத்தது. தன் காப்பியத்துக்கு வாசகன் கையில் அகராதியையும் கொடுத்துவிட்டுப் போன கவி அவர். யூதேயாவை நெல் விளையும் நாடாகப் பாடும் நாட்டுப் படலத்தில் எனக்கு அகராதி தேவைப்படவில்லை. அது எங்கள் ஊர். எகிப்துக்குப் போகும் வழி நெடுகப் பழைய ஏற்பாட்டுக் கதைகள் சொல்லப்படுகின்றன. அந்தப் பகுதியில் சில நாள் சோர்ந்துவிட்டேன். விட்டுப்போன நாளுக்கு மறுநாள் இருபதாக வாசித்தேன். கதைக்குள் கதை நீள்வது காப்பிய மரபுதான் என்றாலும், கைக்குழந்தையோடு இரவில் ஓடுகிற குடும்பத்தை விட்டு இவ்வளவு தூரம் விலகியிருக்க வேண்டாம் என்றே இன்னமும் நினைக்கிறேன்.

தபசு காலத்தில் ‘வியாகுலப் பிரசங்கம்’. பெட்டியில் இருந்த பழைய படி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. பெரிய வெள்ளியன்று அப்பா அதை ஒருவித இழுவையான ராகத்தில் வாசிப்பார். மாதா மகனை மடியில் வாங்கும் இடம் வரும்போது பெண்கள் பக்கமிருந்து விம்மல் கிளம்பும். அதை யார் எழுதியது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை, அப்பாவும் சொன்னதில்லை. எழுதியவர் யாக்கோமே கொன்சால்வெஸ். கோவாவில் 1676இல் பிறந்தவர். டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த இலங்கைக்கு 1705இல் வந்து, தமிழும் சிங்களமும் கற்று, இரண்டு மொழியிலும் எழுதி, 1742இல் அந்த மண்ணிலேயே மறைந்தார். குருவானவர் இல்லாத ஊரில் உபதேசியார் வாசிக்க, சனம் கேட்பதற்கென்றே எழுதியது போல இருக்கிறது அந்த உரைநடை. மௌனமாக வாசித்தபோது எனக்கு அது வெறும் சொல்லடுக்காகத் தெரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு வாசித்தேன். மூன்றாவது வரியில் அப்பாவின் ராகம் தானாக வந்துவிட்டது.

ஈஸ்டருக்கு மறுநாள், ஏப்ரல் 21, திருத்தந்தை பிரான்சிஸ் காலமானார். அவருடைய கடிதம் ஒன்றைத் தேடி எடுத்து வாசித்தேன். 2024 ஜூலை 17 தேதியிட்டது. மனிதரை உருவாக்குவதில் இலக்கியத்தின் பங்கு பற்றியது. குருமாணவர்களுக்கென்று தொடங்கி, பிறகு எல்லாக் கிறிஸ்தவருக்கும் ஆகட்டும் என்று விரித்ததாக அவரே அதில் சொல்கிறார். நாவலும் கவிதையும் வாசியுங்கள், பிறர் குரலைக் கேட்க அது பழக்கும் என்பது அதன் சாரம். 1964-65இல் அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நகரில், 28 வயதில், அவர் பள்ளியில் இலக்கிய ஆசிரியர். பாடத்தில் ‘எல் சித்’ என்ற பழைய ஸ்பானியக் காவியம். பிள்ளைகளுக்கோ கார்சியா லோர்காவை வாசிக்க ஆசை. சரி, ‘எல் சித்’தை வீட்டில் வாசித்துவிடுங்கள், வகுப்பில் உங்களுக்குப் பிடித்தவர்களைப் பேசுவோம் என்று முடிவெடுத்தாராம்.

முப்பது ஆண்டுக்கும் மேலாகச் சுண்ணக்கட்டி பிடித்த என்னால் இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. உனக்கு எதை வாசிக்கப் பிடிக்கும் என்று ஒரு பிள்ளையிடமும் நான் கேட்டதில்லை. பாடம் முடிய வேண்டும், தேர்ச்சி விழுக்காடு குறையக் கூடாது. என் அப்பா செய்ததையே, சைக்கிள் இல்லாமல், நானும் செய்திருக்கிறேன்.

அப்பா இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை உட்காரவைத்து வாசித்துக் காட்டியிருப்பேன். பாப்பானவர் சொல்கிறார் என்றால் அவர் மறுபேச்சுப் பேசமாட்டார்.

மே 8 அன்று பதினான்காம் லியோ திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அகுஸ்தீன் சபைத் துறவி. அதனாலேயே புனித அகுஸ்தினாரின் ‘ஒப்புதல்கள்’ நூலை எடுத்தேன். 386இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில், பக்கத்து வீட்டுக் குழந்தையின் குரல் புத்தகத்தை எடுக்கச் சொல்வதாகக் கேட்டு, பவுலடியார் எழுதியதைத் திறந்து வாசித்து மனம் திரும்பியவர் அவர். அதே நூலின் தொடக்கத்தில், சிறுவயதில் விர்ஜிலின் காவியத்தில் வரும் தீதோ அரசியின் சாவுக்கு அழுததைக் குற்றமாகச் சொல்லி வருந்துகிறார். தன் ஆன்மா சாவதற்கு அழாமல், கதையில் வரும் ஒருத்திக்கு அழுதேனே என்கிறார். இந்த இடத்தில் மட்டும் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. கதையில் வருபவளுக்காக அழத் தெரிந்த பிள்ளைதான் பின்னாளில் தோட்டத்தில் மனம் உடைந்து அழுதது. அந்த முதல் அழுகை வீணில்லை.

இந்தச் சமயத்தில்தான் தடைப் புத்தகங்களின் கதைக்குள் போனேன். வாசிக்கக் கூடாத நூல்களின் பட்டியலை ரோமாபுரி 1559இல் வெளியிடத் தொடங்கியது. 1966இல் அதற்குச் சட்ட வலு இல்லாமல் போயிற்று. நான் பாய்க்கடியில் ஒளித்த ஹியூகோ நாவல் 1864இலிருந்து 1959வரை அந்தப் பட்டியலில் இருந்தது. இரக்கமுள்ள மேற்றிராணியார் ஒருவரை இவ்வளவு அழகாக எழுதிய நாவல் வேறு எதையும் நான் வாசித்ததில்லை, அதற்குத்தான் தடை. ஆனால் 1950இலேயே நம் ஊரில் நாகையா நடித்துப் படமாக வந்து சனம் பார்த்து அழுதாயிற்று. அதில் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனுக்குக் கடைசிவரை அதுவே பெயரோடு ஒட்டிக்கொண்டது. தேம்பாவணிக்கு ஊற்றான நூல்களில் ஒன்று, ஸ்பெயின் நாட்டு ஆகிர்த மரியா என்ற கன்னியாஸ்திரீ எழுதியது. 1681இல் அதற்கும் தடை விதித்து, சில மாதங்களில் நிறுத்திவைத்தார்கள். அந்தத் தடை நிலைத்திருந்தால் எங்கள் ஊர்க் காப்பியம் எப்படி இருந்திருக்குமோ, தெரியாது.

கிரகாம் கிரீன் 1940இல் எழுதிய நாவலையும் அப்போதுதான் வாசித்தேன். அகராதியை வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில், ஐந்து வாரம். மெக்சிகோவில் குருக்களை வேட்டையாடிய காலம். குடிப்பழக்கம் உள்ள, ஒரு பெண் பிள்ளைக்குத் தகப்பனும் ஆகிவிட்ட குரு ஒருவர் ஓடி ஒளிகிறார். எல்லையைக் கடந்து தப்பிவிட்ட பிறகு, சாகக் கிடப்பவன் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூப்பிடுகிறான் என்று ஆள் வருகிறது. அது பொறி என்று தெரிந்தே திரும்பிப் போகிறார். 1953இல் ரோமிலிருந்து இந்த நாவலைத் திருத்தி எழுதச் சொன்னார்கள், கிரீன் மாற்றவில்லை. 1965இல் அவரைச் சந்தித்த திருத்தந்தை ஆறாம் பவுல், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

அந்தக் குரு திரும்பிப் போகும் இடத்தில் எனக்கு ஒரு மழை இரவு நினைவுக்கு வந்தது. கொள்ளிடத்தில் வெள்ளம். அக்கரையிலிருந்து ஆள் வந்து வாசலில் நிற்கிறான். அம்மா தடுக்கிறாள். அப்பா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டே, “கூப்புட்டாக்கப் போவணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கதை வேண்டாம் என்ற மனிதர் அந்தக் கதையை வாழ்ந்துகொண்டிருந்தார். 64 வயதில் ஒரு வெள்ளைக்காரர் எழுதிய நாவலை வாசித்துத்தான் என் அப்பா எனக்கு விளங்கினார்.

அக்டோபரில் ‘கருக்கு’. இந்த ஆண்டில் நான் வாசித்தவற்றுள் என்னை அதிகம் கலக்கியது அதுதான்.

பாமா எழுதிய ‘கருக்கு’ 1992இல் வந்தது. அப்போது நான் மிஷன் பள்ளி ஒன்றில் வேலையில் இருந்தேன். ஆசிரியர் அறையில் ஒருவர், “மடத்துல இருந்து வெளிய வந்து, நம்ம சபையப் பத்திக் கண்டபடி எழுதியிருக்காங்களாம்” என்றார். நானும் தலையாட்டினேன். வாசிக்காமலே தலையாட்டினேன். அதன்பின் 33 ஆண்டுகள் அந்தப் புத்தகத்தை நான் தொடவில்லை. தமிழாசிரியன் வேறு.

பனைமட்டையின் இரு ஓரத்திலும் இருக்கும் அரம்போன்ற பல்தான் கருக்கு. எபிரேயருக்கு எழுதிய திருமுகம் கடவுளின் வார்த்தையை இருபுறமும் கூரான வாளுக்கு ஒப்பிடுகிறது. பாமா அதையும் மனத்தில் வைத்தே பெயரிட்டிருக்கிறார். தலித் கத்தோலிக்கப் பெண் ஒருவர், தன் சனத்துப் பிள்ளைகளுக்கு உதவலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சாதியைக் கண்டு வெளியேறிய கதை. எழுதப்பட்டிருப்பது பேச்சுத் தமிழ். நான் சிவப்பு மையால் அடித்துத் திருத்தி வந்த அதே தமிழ். இரண்டு இரவில் வாசித்து முடித்தேன்.

எங்கள் ஊரில் இரண்டு தெரு. திருவிழா இரவில் மாதா சப்பரம் புறப்பட்டு எங்கள் தெரு முனைவரை வந்து திரும்பிவிடும். அடுத்த தெருக்காரர்கள் முனையில் வந்து நின்று கும்பிடுவார்கள். அப்பா இரண்டு தெருவுக்கும் போய் மந்திரம் சொல்லிக்கொடுத்தார்; சாவு என்றால் இரண்டு தெருவுக்கும் போனார். ஆனாலும் சப்பரம் திரும்புகிற இடத்தில் ஜால்ரா தட்டிக்கொண்டு அவரும் திரும்பினார். நான் மெழுகுவத்தியோடு பின்னால் போனேன். கல்லறைத் தோட்டத்தில் நடுவே மண்சுவர் ஒன்று உண்டு. அது மாடு நுழையாமல் இருக்கக் கட்டியது என்று சிறுவயதில் யாரோ சொன்னார்கள். வெகுகாலம் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

பெட்டியில் இருந்த செபப் புத்தகத்தில் ஆத்தும சோதனைக்கென்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். ஞாயிறு பூசைக்குத் தவறினாயா, பொய் சொன்னாயா, திருடினாயா, பெற்றோருக்குக் கீழ்ப்படியாமல் நடந்தாயா. ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கேள்விகளைக் கொண்டே பாவசங்கீர்த்தனம் செய்துவந்தேன். சப்பரம் ஏன் திரும்பியது என்ற கேள்வி அதில் இல்லை. அதைக் கேட்க ‘கருக்கு’ வேண்டியிருந்தது. கதைப் புத்தகத்தால் ஆத்துமத்துக்கு என்ன பிரயோசனம் என்று 1974இல் அப்பா கேட்டதற்கு என்னிடம் அப்போது பதில் இல்லை. இப்போது இருக்கிறது. திருவருகைக் காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது அந்தச் சப்பரத்தைப் பற்றி முதன்முறையாகச் சொன்னேன்.

அதே வேகத்தில் இமையத்தின் ‘கோவேறு கழுதைக’ளையும் மறுபடி வாசித்தேன். 1994இல் வந்தபோதே வாசித்திருந்தேன். அப்போது அதை ஒரு நல்ல நாவல் என்று மட்டும் வைத்துவிட்டேன். காலனியாரின் துணியை வெளுத்துச் சோறு வாங்கிப் பிழைக்கும் அந்த வண்ணாத்தியின் பெயர் ஆரோக்கியம். வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவின் பெயர். முதல் வாசிப்பில் அந்தப் பெயர் எனக்கு உறைக்கவே இல்லை. ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ம் இந்த ஆண்டில்தான், அதில் வரும் காகு சாமியார் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். தமிழின் முதல் நாவலை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் கத்தோலிக்கர்தான். இதையும் நாங்கள் எந்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும் கேட்டதில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு, திருக்குடும்ப விழா. மறைமாவட்டக் கோயில்களில் யூபிலி ஆண்டை நிறைவு செய்த நாளும் அதுவே. பூசை முடிந்து வந்து தேம்பாவணியின் கடைசி ஐந்து பாடல்களை வாசித்தேன். முடிசூட்டுப் படலம். நற்செய்தியில் ஒரு சொல்லும் பேசாத தச்சன் முடி சூடுகிறான். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும், “இது நம்ம கோயில்ல யாருக்காவது தெரியுமா?” என்றாள்.

மறுநாள் பங்கு மன்றத்துக்குப் போய், அங்கிருக்கும் கண்ணாடி அலமாரியைத் திறக்கச் சொன்னேன். சாவி கிடைக்க அரைமணி நேரம் ஆயிற்று. 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பின் படிகள் இருந்தன, நல்லது. மற்றபடி விழா மலர்கள், நன்கொடை ரசீதுக் கட்டுகள். தேம்பாவணி இல்லை. பாமா இல்லை, இமையம் இல்லை. நான்கு புத்தகங்களை வாங்கி வைத்துவிட்டு, சாவியைக் கதவிலேயே விட்டுவரச் சாமியாரிடம் அனுமதி கேட்டேன். சரி என்றார்.

2026 ஜனவரி 1 முதல் எங்கள் பங்கின் சிறு குழுவான அன்பியத்தில் நாளுக்குப் பத்துப் பாடல் வாசிப்பது என்று முடிவு செய்தோம். மாலை செபமாலைக்குப் பிறகு, உரையோடு சேர்த்து, அரைமணி நேரம். வருவதாக ஏழு பேர் சொன்னார்கள்; அதில் இருவர் பள்ளிப் பிள்ளைகள். அவர்களுக்கு என்ன வாசிக்கப் பிடிக்கும் என்று முதல்நாளே கேட்பதாக இருந்தேன். உங்கள் பங்கிலும் தொடங்குங்கள். ‘கருக்கு’க்கும் அதே அலமாரியில் இடம் கொடுங்கள், அலமாரியைப் பூட்டாதீர்கள்.